பார்பிச்சுரேட்டும் எண்ணச் சுழற்சி நோயும்: மருந்துக் கடை மேசைக்கு வந்த கேள்விகள்

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்த ஒரு பிற்பகலில், கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என் மருந்துக் கடைக்கு வந்தார்கள். தாய் கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். கணவர் வலிப்புக்காகச் சாப்பிடும் மாத்திரை.

“காக்கா, இதில் அரை மாத்திரையை இவளுக்குக் கொடுக்கலாமா? ஒளு எடுக்கத் தொடங்கினால் அரை டிரம் தண்ணீரைக் காலி செய்துவிடுகிறாள். இதைக் கொடுத்தால் அடங்கிவிடுவாள் என்று சொல்கிறார்கள்.”

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது.

மகள் இரண்டடி பின்னால், கண்ணாடி அலமாரியில் முழங்கை படாமல் ஒதுங்கி நின்றாள். கைகளை மட்டும் பார்த்தேன். விரலிடுக்குகள் ஊறி வெளுத்திருந்தன. புறங்கைத் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களின் பாதங்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். அவள் உப்பளத்துப் பக்கமே போனதில்லை.

அட்டையில் இருந்தது ஃபீனோபார்பிடோன், பார்பிச்சுரேட் வகை மருந்து. வேண்டாம் என்று சொல்லி, எங்கே போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். ஆனால் நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்தக் கரையில் மருந்து விற்கிறேன். இந்த மாத்திரையைப் பற்றி இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன், மருந்தாளுநர். அளவு சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. அதனால் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

எண்ணச் சுழற்சி நோய் என்றால் என்ன? சுத்தம் பார்ப்பதெல்லாம் நோயா?

இல்லை. மீன் வெட்டிய கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறவருக்கு எந்த நோயும் இல்லை. மீன் வாடைதான் இருக்கிறது.

எண்ணச் சுழற்சி நோய், மருத்துவமனைச் சீட்டில் எழுதும்போது ஓசிடி, இரண்டு பகுதிகள் கொண்டது. வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப மனத்துக்குள் நுழையும் எண்ணம் ஒன்று. அந்த எண்ணம் தரும் பதற்றத்தைத் தணிக்கச் செய்தே தீர வேண்டியிருக்கும் செயல் மற்றொன்று. கை அசுத்தம் என்பது எண்ணம், கழுவுவது செயல். படகின் நங்கூரக் கயிறு அவிழ்ந்திருக்குமோ என்பது எண்ணம். இரவில் நான்கு முறை எழுந்து கடற்கரைக்குப் போய்ப் பார்ப்பது செயல். சிலருக்குச் செயலும் மனத்துக்குள்ளேயே நடக்கும்: எண்ணுவார்கள், வேண்டுவார்கள், நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

செய்வது அபத்தம் என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் இதன் கொடுமை. உலக அளவில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது.

பார்பிச்சுரேட் என்பது எந்த மாத்திரை?

ஒரு மாத்திரை அல்ல, ஒரு குடும்பம். 1864இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் பார்பிச்சூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். அந்த அமிலத்துக்குத் தூக்கம் தரும் குணம் கிடையாது. 1903இல் எமில் ஃபிஷரும் ஜோசஃப் ஃபான் மெரிங்கும் அதிலிருந்து பிறந்த பார்பிடால் தூங்க வைக்கும் என்று காட்டினார்கள். அது வெரோனால் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1912இல் ஃபீனோபார்பிடோன் வந்தது. அதே ஆண்டு ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் மருத்துவர், நோயாளிகள் அமைதியாக இருக்கட்டும் என்று இதைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய வலிப்பு குறைவதைக் கவனித்தார். தூக்க மருந்தாக வந்தது அன்று முதல் வலிப்பு மருந்து ஆனது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் பலர் கார்டினால் என்று வணிகப் பெயரால்தான் கேட்பார்கள்.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களில் மக்கள் கேள்விப்பட்டிருப்பது தயோபென்டோன்: அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க ஊசியாகப் போடுவது. அமைட்டல், நெம்பியூட்டால், செகோனால் ஆகியவை ஒரு காலத்தில் மேலை நாடுகளின் படுக்கையறை மேசைகளில் கிடந்தவை.

ஓசிடிக்கு இதை உண்மையிலேயே கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். வேறு எதுவும் கையில் இல்லாத காலம் அது.

ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். வெரோனால் பிறந்த அதே 1903இல்தான் பிரான்சில் பியர் ழானே, விடாப்பிடி எண்ணங்களைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். நோயை அவ்வளவு நுணுக்கமாக விவரித்தவர் கையில் அதற்கென்று ஒரு மருந்து இல்லை. அதற்கு முந்தைய தலைமுறை அபினையும் புரோமைடு உப்புகளையும் கொடுத்துப் பார்த்திருந்தது. அவற்றின் இடத்துக்குப் பார்பிச்சுரேட் வந்தது. பதற்றமா, தூக்கமின்மையா, விடாப்பிடி எண்ணமா, எல்லாவற்றுக்கும் சிறிய அளவில் ஃபீனோபார்பிடோன் என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு வழக்கமாக இருந்தது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் அந்தச் சாவி பெரும்பாலும் சுத்தியலாகத்தான் இருக்கும்.

இந்த வழக்கத்தைத் தாண்டி, ஆய்வு என்று சொல்லத்தக்க மூன்று வழிகள் இருந்தன: நோயாளியை நாள்கணக்கில் தூங்க வைப்பது, அரை மயக்கத்தில் பேச வைப்பது, ஊசியால் தசைகளைத் தளர்த்திவிட்டு அச்சத்தைப் பழக்குவது. முதலாவது கொன்றது. இரண்டாவது ஓசிடியைத் தொடவே இல்லை. மூன்றாவது, தான் தோற்றாலும், சரியான பாதைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

நாள்கணக்கில் தூங்க வைத்தால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளாதா?

இதே எண்ணம் 1920களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் யாக்கோப் கிளேசி என்ற மனநல மருத்துவருக்கும் வந்தது. சோம்னிஃபென் என்ற பார்பிச்சுரேட் கலவையைக் கொடுத்து நோயாளிகளை நாள்கணக்கில் உறங்க வைத்தார். அவருடைய நோயாளிகள் பெரும்பாலும் மனச்சிதைவு நோயினர். முதல் 26 பேரில் 3 பேர் இறந்தார்கள். அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நீள் உறக்கச் சிகிச்சை என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. மனச்சோர்வு, போதைப் பழக்கம், பதற்ற நோய்கள் என்று எல்லை விரிந்துகொண்டே போனது.

அதன் மிக மோசமான அத்தியாயம் ஆஸ்திரேலியாவில். சிட்னியில் செம்ஸ்ஃபோர்ட் தனியார் மருத்துவமனையில் 1960களின் தொடக்கம் முதல் 1979 வரை ஹாரி பெய்லி என்ற மருத்துவர் இதை நடத்தினார். நிமோனியாவும் இரத்தக் கட்டியும் மூச்சுத் திணறலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1988இல் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. தூங்குகிற மனிதன் கை கழுவ மாட்டான், பூட்டை இழுத்துப் பார்க்க மாட்டான். அதைக் குணம் என்று எண்ணிக்கொண்டதுதான் பிழை. விழித்த மறுநாள் நோய் விழிக்கும்.

செய்தித்தாளில் வருகிற நார்கோ சோதனையும் இதுவும் ஒன்றா?

மருந்துக் குடும்பம் ஒன்று, நோக்கம் வேறு. 1930இல் அமெரிக்காவில் வில்லியம் பிளெக்வென், பேச்சும் அசைவும் உறைந்து கிடந்த நோயாளிகளுக்கு அமைட்டலை நரம்பு வழி செலுத்தினார். கல்லாய்க் கிடந்தவர்கள் சில மணி நேரம் எழுந்து பேசினார்கள். பிறகு மருந்து தெளிந்ததும் மறுபடி கல். இருந்தாலும் ஒரு கதவு திறந்துவிட்டது என்று மருத்துவ உலகம் துள்ளியது. இரண்டாம் உலகப் போரில் அதிர்ச்சியடைந்த போர்வீரர்களை அரை மயக்கத்தில் பேச வைத்து, அடைத்துவைத்த நினைவைக் கொட்டச் செய்தார்கள்.

ஓசிடி நோயாளிக்கு அடைத்து வைக்க ஒன்றும் இல்லை என்பதுதான் இங்கே சிக்கல். தன் எண்ணம் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் மயக்க மருந்து இல்லாமலே சொல்வார். தெரியாததை வெளியே கொண்டுவரும் கருவி, தெரிந்தே வதைபடுகிறவருக்கு எதற்கு?

குற்ற விசாரணையில் இதே குடும்பத்துத் தயோபென்டோன் உண்மை மருந்து என்று பெயர் வாங்கியது. அரை மயக்கத்தில் மனிதர்கள் கற்பனையையும் கலந்து பேசுவார்கள் என்பதால் அந்தப் பெயர் பொருந்தாது. ஒருவரின் ஒப்புதலின்றி இதைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது வழி சரியான பாதைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது என்றீர்களே, எப்படி?

1958 வாக்கில் ஜோசஃப் வோல்பே ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்: தளர்ந்த உடலில் அச்சம் தங்காது, ஆகவே நோயாளியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நினைக்கச் சொன்னால் அச்சம் கரையும். சிலருக்குத் தளரவே வரவில்லை. அவர்களுக்காக 1960களில் மெதோஹெக்சிடோன் என்ற மிகக் குறுகிய நேரம் வேலை செய்யும் பார்பிச்சுரேட்டை, தூக்கம் வராத அளவுக்குச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். பூனைக்கோ உயரத்துக்கோ அஞ்சுகிறவர்களுக்கு இது ஓரளவு உதவியது. ஓசிடிக்கும் நீட்டிப் பார்த்தார்கள். பலன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இந்த நேரத்தில், 1966இல், லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் நேர் எதிராக யோசித்தார். பதற்றத்தைத் தணிக்க வேண்டாம், வரட்டும். தணிக்கும் செயலை மட்டும் தடுப்போம். விடாமல் கழுவும் நோயாளியை அவர் அஞ்சும் பொருள்களைத் தொட வைத்தார்கள். கழுவ முடியாதபடி அறைக்கு வரும் தண்ணீரையே நிறுத்தினார்கள். செவிலியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பதற்றம் ஏறியது, உச்சிக்குப் போனது, பிறகு யாரும் எதுவும் செய்யாமலே இறங்கியது. ஏறிய அலை தானே இறங்கும் என்பதை அந்த மனிதர் உடம்பால் அறிந்துகொண்டார்.

எதிர்கொண்டு தடுக்கும் பயிற்சி என்று இன்று சொல்லப்படுவது இதுதான். 1970களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ராக்மன், ஹாட்ஜ்சன், மார்க்ஸ் ஆகியோர் இதைச் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பயனில்லாத சிகிச்சை எது தெரியுமா? தளர்வுப் பயிற்சி. பத்தாண்டுக்கு முன் எதற்காக நரம்பில் ஊசி ஏற்றினார்களோ, அது ஆய்வில் வெறும் தண்ணீருக்குச் சமமான இடத்துக்கு வந்துவிட்டது.

தண்ணீரை நிறுத்துவதுதான் சிகிச்சை என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் குணமாகியிருக்க வேண்டுமே?

இதைக் கேட்டவர் சாயல்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். குடம் விலைக்கு வாங்கும் ஊரில், ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் அள்ளிச் சேர்த்த தண்ணீரை ஒரு பெண் இருபது நிமிடத்தில் கையில் ஊற்றித் தீர்த்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடி விழும், சாபம் விழும், டிரம்மைப் பூட்டுவார்கள். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போவாள். அங்கும் பூட்டினால் கடலுக்குப் போவாள்.

மேயர் செய்ததற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. அங்கே நோயாளி ஒப்புக்கொண்டு உள்ளே வந்தார். என்ன நடக்கப்போகிறது, எதற்காக நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தானே கையைக் கட்டிக்கொள்வதற்கும் பிறர் கட்டிப்போடுவதற்கும் உள்ள தூரம் அது.

பதற்றம் குறைந்தால் நோயும் குறையத்தானே வேண்டும்? பார்பிச்சுரேட் பதற்றத்தைக் குறைக்காதா?

குறைக்கும். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் ஏமாந்தோம்.

மூளை நரம்பணுக்களின் சுவரில் காபா என்ற வேதிப்பொருளுக்கான கதவுகள் உள்ளன. கதவு திறந்தால் குளோரைடு உள்ளே நுழைந்து அணு அடங்கும். இன்றைய தூக்க மாத்திரைகளில் பெரும்பாலான பென்சோடையசெபீன் வகை, காபா வந்து தட்டும்போது கதவு திறக்கும் தடவைகளைக் கூட்டுகிறது; காபா வராவிட்டால் அவற்றால் ஒன்றும் ஆகாது. பார்பிச்சுரேட் திறந்த கதவை நெடுநேரம் மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அளவு கூடினால் காபா வராமலே தானே திறந்துவிடும். அதனால்தான் தூக்கத்தோடு நில்லாமல் மூச்சையும் அடக்குகிறது. பலன் தரும் அளவுக்கும் உயிர் பறிக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். முறிவு மருந்தும் கிடையாது.

ஓசிடியில் தடம் புரள்வது இந்த இடம் அல்ல. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும் உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதிகளும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஒரு சுற்று இருக்கிறது. ‘ஏதோ சரியில்லை’ என்ற மணி அதில் ஓயாமல் அடிக்கிறது. 1992இல் அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு நோயாளிகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. மருந்தால் தேறியவர்களிலும் நடத்தைப் பயிற்சியால் தேறியவர்களிலும் காடேட் என்ற ஆழ்பகுதியில் மிகுந்திருந்த செயல்பாடு தணிந்திருந்தது. பேச்சும் பயிற்சியும் மாத்திரையும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. பார்பிச்சுரேட் மூளை முழுவதற்கும் திரையிடுகிறது. மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், கேட்கிறவர் அரைத்தூக்கத்தில் இருப்பார்.

இன்னொரு தீங்கும் உண்டு. பயிற்சியில் நோயாளி ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்: கழுவாவிட்டாலும் ஒன்றும் நேரவில்லை. மயக்கும் மருந்துகள் கற்றலையும் நினைவையும் மழுங்கடிக்கும். அலை தானாக இறங்கியதா, மாத்திரை இறக்கியதா என்று மனம் குழம்பினால், நம்பிக்கை மாத்திரை மேல்தான் போகும்.

அப்படியானால் வேலை செய்த மருந்து எது, அது எப்படிக் கிடைத்தது?

க்ளோமிப்ரமின். மனச்சோர்வுக்காகத் தயாரானது. 1967இல் ஸ்பெயினில் ஃபெர்னாண்டஸ் கோர்டோபா, லோபஸ் இபோர் ஆகிய இரு மருத்துவர்கள் விடாப்பிடி எண்ணங்கள் இதனால் குறைவதைக் கண்டு எழுதினார்கள். 1980களின் ஆய்வுகளில் இதையும் டெசிப்ரமின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்தையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். இரண்டும் மனச்சோர்வைப் போக்கும். க்ளோமிப்ரமின் மட்டுமே ஓசிடியைத் தொட்டது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரடோனினை வலுவாகப் பாதிப்பது அதுதான் என்பதால், மருந்து தேடுகிறவர்களின் கண் காபாவை விட்டுச் செரடோனின் பக்கம் திரும்பியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1989இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. பின்னால் ஃப்ளூவாக்சமின், ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ரலின், பாராக்செட்டின் வந்தன. இன்று முதலில் எழுதப்படுவது இந்தப் பின்வரிசைதான்; பக்கவிளைவு குறைவு.

இவை உடனே வேலை செய்யாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். பத்தாம் நாளே “பலனில்லை” என்று அட்டையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பார்பிச்சுரேட் வேண்டாம் சரி, சாதாரணத் தூக்க மாத்திரை?

1960இல் குளோர்டையசெபாக்சைடு வந்தபின் பார்பிச்சுரேட்டின் இடத்தை அந்தக் குடும்பம் பிடித்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஓசிடிக்குக் குளோனசெபாமைச் சோதித்தார்கள். 1992இல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2003இல் வெளிவந்த ஆய்வில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. 2004இல் செர்ட்ரலினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததிலும் அப்படியே. பெரிய மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரம் மருத்துவர் எழுதினால் அது வேறு. ஆண்டுக்கணக்கில் அதை மட்டுமே வாங்கிப் போகிறவர்களிடம் நான் சீட்டைத் திருப்பிக் கேட்பது உண்டு. பகைத்துக்கொள்கிறார்கள்.

என் அப்பா வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் சாப்பிடுகிறார். இதையெல்லாம் படித்தபின் நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பல ஆண்டுகளாக எடுத்த ஃபீனோபார்பிடோனைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், உயிர் போகலாம். வலிப்பே இல்லாமல் வேறு காரணத்துக்குப் பழகியவர்களுக்கும் அப்படித்தான். குறைப்பதானால் மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லத்தான். வலிப்புக்கு அது பழைய மருந்து, மலிவான மருந்து, வேலை செய்கிற மருந்து. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது ஆள் மாறிப் போகும்போதுதான் கேடு.

வலிப்பும் ஓசிடியும் ஒருவருக்கே இருந்தால்?

இருப்பது உண்டு, முக்கியமாகப் பொட்டு மடல் (நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதி) வலிப்பு உள்ளவர்களுக்கு. அவர்கள் இரண்டு மருத்துவரிடமும் இரண்டு சீட்டையும் காட்ட வேண்டும். க்ளோமிப்ரமின் அளவு கூடக்கூட வலிப்பைத் தூண்டக்கூடியது. ஃபீனோபார்பிடோனோ கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, மற்ற மருந்துகளை விரைவில் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரையும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினும்கூட இப்படி வலுவிழக்கும். கருவுறும் எண்ணம் இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஃபீனோபார்பிடோன் கருவைப் பாதிக்கக்கூடியது.

கடலுக்குப் போகிறவர் எடுத்தால்?

ஃபீனோபார்பிடோனில் பாதி உடலை விட்டுப் போகவே மூன்று நான்கு நாள் ஆகும். நேற்றிரவு எடுத்தது இன்றைய இரவு மீன்பிடியிலும் உடலில் இருக்கும். வின்ச் ஓடும் தளத்தில், வலை இறங்கும்போது, ஒரு நொடி கண் செருகினால் கதை முடிந்தது. கரையில் சாராயம் தொட்டால் மூச்சு அடங்கும் ஆபத்து இரட்டிப்பு. மருத்துவரிடம் தொழிலைச் சொல்லுங்கள். பலர் ‘கூலி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, புதிய மருந்துக்கு உடல் பழகவும் பயிற்சிக்குப் போகவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சீட்டு இல்லாமல் இது கிடைக்குமா?

கிடைக்கக் கூடாது. அமைட்டல், செகோனால், நெம்பியூட்டால் வகைகள் மருந்துச் சட்ட விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கின்றன: சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடையில் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஃபீனோபார்பிடோனுக்கும் மருத்துவர் சீட்டு கட்டாயம். கடையில் கிடைக்காததால் வீட்டு அலமாரியிலிருந்து போகிறது; அந்தத் தாய் கொண்டுவந்த அட்டை போல.

மனநோயாளியை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவது தவறா?

இந்தக் கேள்விக்கு ராமநாதபுரத்துக்காரன் அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. கம்பங்களில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். அவர்களைக் கொன்றது தர்கா அல்ல, நம்பிக்கையும் அல்ல, பூட்டுத்தான். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

தர்காவில் துஆ கேட்பதும் மருந்து சாப்பிடுவதும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்கும்படி, மருந்தும் துஆவும் என்ற பொருளில் தவா துவா என்ற அரசுத் திட்டம் ஏர்வாடியில் வந்தது. எனக்கு நெருடுவது வேறொன்று. இரும்புச் சங்கிலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாத்திரைச் சங்கிலியைப் போடுவதை எந்தச் சட்டமும் கண்ணால் பார்க்க முடியாது. “கொடுத்தால் அடங்கிவிடுவாள்” என்ற சொல்லில் அதுதான் ஒளிந்திருக்கிறது.

தொழுகைக்குச் சுத்தம் பார்ப்பது எப்படி நோயாகும்?

சுத்தம் கடமை. ஒளுவில் உறுப்புகளை மூன்று முறை கழுவலாம் என்பதற்கு மேல் மார்க்கம் கேட்கவில்லை. நாலாவது, நாற்பதாவது முறை கேட்பது வேறொரு குரல். அதற்கு நம் ஊர்ப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் வஸ்வாஸ். பெயர் இருப்பதிலிருந்தே பழைய தொல்லை என்று தெரிகிறது. ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் இந்த விடாப்பிடி எண்ணங்களைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்.

எந்தச் சமயமும் விலக்கு இல்லை. தங்கச்சிமடத்தில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் முடித்து வாசலைத் தாண்டுவதற்குள் ஏதோ விட்டுப்போனதாகத் திரும்புவார். இயேசு சபையை நிறுவிய புனித இக்னாசியார்கூட இந்த மனச்சஞ்சலத்தால் வதைபட்டவர். ராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, நடுவில் ஒன்றில் தலை முழுதாக நனையவில்லையோ என்று முதலிலிருந்து தொடங்க நினைப்பவரும் உண்டு. செய்து முடித்தபின் மனம் நிறைகிறதா, இன்னும் கேட்கிறதா என்று பாருங்கள். ஆலிம், பங்குத்தந்தை, குருக்கள் யாராக இருந்தாலும் ‘இது போதும்’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு மறுமுறை சொல்ல மறுத்தால், பாதிச் சிகிச்சைக்குக் கை கொடுத்தவர் ஆவார்.

வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

“கை சுத்தமா அம்மா?” என்று கேட்டால் “சுத்தம்தான்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வதும் கழுவுவதற்குச் சமம்தான். கேட்பவருக்கு நிம்மதி வரும், அரை மணியில் ஆறிவிடும், மறுபடி கேட்பார். திட்டுவதும் பயன்படாது. பயிற்சி தரும் உளவியலாளரிடம் வீட்டார் ஒருவர் கூடவே போய், எப்போது பதில் சொல்வது, எப்போது மௌனமாக இருப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இரவு பகல் எந்நேரமும், தமிழில், கட்டணமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலும் அதே எண்தான். எளிதில் அடங்காத நோய்க்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அந்தக் கீழக்கரைப் பெண் என்ன ஆனாள்?

மாதம் ஒரு முறை செர்ட்ரலின் வாங்க வருகிறாள், இப்போது தனியாகவே. புறங்கை வெடிப்பு மூடியிருக்கிறது. தண்ணீர்ச் சண்டை ஓயவில்லை என்று தாய் சொல்கிறார். போன முறை அட்டையைக் கையில் வாங்கி, காலாவதித் தேதி எங்கே என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். பையில் போட்டாள், இரண்டடி போனாள், திரும்பினாள்.

“காக்கா, அந்தத் தேதியை இன்னொரு முறை...”

நான் அடுத்தவருக்கு இருமல் மருந்து எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருந்தை எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோதும் வாசலில்தான் நின்றிருந்தாள். பஸ் ஹாரன் கேட்டது. போய்விட்டாள்.